அறுநூறு கிலோமீட்டரும் ஒரு பெட்ரோல் பங்க் தூக்கமும்

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம் என்று வழக்கமான காரணத்தைச் சொல்லலாம். ஆனா உண்மை அது இல்லை. "சைக்கிளை எடுத்துக்கிட்டு காரைக்கால் வரைக்கும் கிளம்பினியே, என்னாச்சு?" என்று நண்பர்கள் நாலு பேர் கேட்டுட்டாங்க. முடிக்கலை. மூணே எழுத்துதான், டி.என்.எஃப். அதைச் சொல்ல எனக்கு ரெண்டு மாசம் ஆயிருக்கு. ஏன் ரெண்டு மாசம் ஆச்சு என்பதுதான் இந்தப் பதிவு.

விஷயம் தெரியாதவங்களுக்கு ஒரு குட்டி முன்னோட்டம். நெடுந்தூர சைக்கிள் பயணத்தில் பிரெவே என்று ஒரு வகை இருக்கு. 200, 300, 400, 600 கிலோமீட்டர் என்று தூரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு கெடு. 200க்கு பதிமூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. நாலையும் ஒரே சீசனில் முடிச்சா சூப்பர் ராண்டனர் என்று பட்டம். பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் க்ளப் பாரிசியன்தான் உலகம் முழுக்க இதுக்குத் தலைமைச் செயலகம். இங்கே ஓட்டினாலும் முடிவுகள் அங்கே போய்த்தான் பதிவாகும்.

முக்கியமான விஷயம், இது ரேஸ் கிடையாது. முதல் பரிசு, ரெண்டாம் பரிசு எதுவும் இல்லை. 600ஐ 25 மணி நேரத்தில் முடிச்சவரும், 39 மணி 55 நிமிஷத்தில் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தவரும் ஒண்ணுதான். வழியில் பஞ்சர் ஆனா நீங்களே ஒட்டணும், பசிச்சா நீங்களே தேடிச் சாப்பிடணும். இருட்டில் விளக்கும் பளபளா ஜாக்கெட்டும் கட்டாயம். வழியில் கன்ட்ரோல் என்று சில இடங்கள். அங்கே அதற்கான நேரத்துக்குள் போய் அட்டையில் முத்திரை வாங்கணும். ஆள் இல்லாத இடத்தில் பெட்ரோல் பங்க் பில், ஏ.டி.எம். சீட்டு எல்லாம்கூடச் செல்லும். (அக்கவுண்ட்டில் பணம் இல்லை என்று சீட்டு வந்தாலும் கவலையில்லை, அதில் நேரம் இருந்தாப் போதும். மாசக் கடைசியில் நமக்குன்னே செஞ்ச ஏற்பாடு!)

"ஏண்டா, பெட்ரோல் போடாத வண்டியில காரைக்கால் போறதுக்கு பெட்ரோல் பங்க் பில்லு, அதுக்குக் காசு வேற கட்டுறியா?" என்று அம்மா கேட்டதுக்கு இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட பதில் இல்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

200, 300, 400 மூணும் முடிச்சாச்சு. பாக்கி 600. சென்னையிலிருந்து இ.சி.ஆர். வழியா காரைக்கால் பக்கம் போய்த் திரும்பணும். சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பணும். நம்ம நேரம், வெள்ளிக்கிழமை ராத்திரி ஆபீஸில் ரிலீஸ். முடிச்சுட்டு வீட்டுக்கு வந்து படுக்கும்போது மணி ஒண்ணரை. நாலரைக்கு அலாரம். கணக்குப் போட்டுக்குங்க, மூணு மணி நேரத் தூக்கம். ஸ்டார்ட்டில் நின்னவங்ககிட்ட இதைப் பெருமையா வேற சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. ஒருத்தர், "தூக்கமெல்லாம் மண்டேக்குத்தான் பாஸ்" என்றார். நானும் சிரிச்சேன்.

பகல் முழுக்க அருமையா போச்சு. மரக்காணம் உப்பளம், புதுச்சேரியில் இட்லி, கடலூர் தாண்டி இளநீர், சாயங்காலம் சிதம்பரத்தில் தயிர் சாதம். ராத்திரி பதினொண்ணுக்கு 300வது கிலோமீட்டர் கன்ட்ரோல். அங்கே ஒரு மண்டபத்தில் பாய் போட்டு வச்சிருந்தாங்க. நாலஞ்சு பேர் படுத்திருந்தாங்க. நான் படுக்கலை. "இப்பவே கிளம்பினா ஞாயித்துக்கிழமை மத்தியானமே வீட்டுல இருக்கலாம்" என்று கணக்கு. பதினொண்ணரைக்குக் கிளம்பிட்டேன்.

சீர்காழி தாண்டினதும் ரோட்டோரப் பனைமரங்கள் எல்லாம் ஆள் நிக்கிற மாதிரி தெரிஞ்சுது. ஒருத்தர் கையாட்டிக் கூப்பிட்டார், கிட்டே போனா மைல் கல். சிரிப்பா இருந்தது. கொள்ளிடம் பாலம் ஏறினது ஞாபகம் இருக்கு. இறங்கினது ஞாபகம் இல்லை.

அடுத்து ஞாபகம் இருப்பது ஹார்ன் சத்தம். கண்ணைத் திறந்தா, ஆமாம், திறந்தா, நான் ரோட்டுக்கு வலது பக்கம் போயிட்டிருக்கேன். எதிரே ரெண்டு பெரிய விளக்கு. எப்படி ஒடிச்சேன் என்று தெரியலை, மண்ணில் இறங்கி நின்னுட்டேன். லாரி கொஞ்ச தூரம் போய் நின்னுச்சு. நல்லா திட்டப் போறார் என்று நினைச்சேன். இறங்கி வந்த டிரைவர் திட்டலை. என்னையும், விளக்கையும், ஜாக்கெட்டையும் பார்த்துட்டு, "எவ்வளவு சம்பளம் தம்பி இதுக்கு?" என்றார்.

"சம்பளம் இல்லண்ணே, நாங்கதான் காசு கட்டி ஓட்டுறோம்."

கொஞ்ச நேரம் பேசாம நின்னார். "நாங்க லோடுக்காக ஓட்டுறவங்க. லேட்டானா ஓனர்கிட்ட பேச்சு வாங்கணும். நாங்களே தூக்கம் வந்தா ஓரங்கட்டிடுவோம். உன்னை யாரு தம்பி தொரத்துறா?"

பதில் சொல்லத் தெரியாம சைக்கிளைத் தள்ளிக்கிட்டே நடந்தேன். சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் பங்க். வாட்ச்மேன் ஐயாகிட்ட கேட்டு, காத்தடிக்கிற மெஷின் பக்கத்தில் அட்டைப்பெட்டியைப் பிரிச்சுப் போட்டுப் படுத்தேன். மணி மூணேகால். ஒரு மணி நேரத்துக்கு அலாரம் வச்சேன். எழுந்தப்போ மணி ஏழே முக்கால். கடலூர் கன்ட்ரோல் ஒன்பதுக்கு மூடிடும். பாக்கி சுமார் 45 கிலோமீட்டர், ஒண்ணேகால் மணி நேரம். என் காலுக்கு அது நடக்காத காரியம். நடத்துறவங்களுக்கு போன் பண்ணி விலகுறேன் என்று சொன்னேன். "பத்திரமா வீட்டுக்குப் போங்க" என்றார்கள். நண்பன் ஒருத்தன் காரில் வந்து சைக்கிளோட சேர்த்து அள்ளிக்கிட்டுப் போனான்.

இப்போ என் கேள்வி. உயிரோட வீட்டுக்கு வந்த அந்த முடிவை நான் ஏன் ரெண்டு மாசம் மறைச்சேன்?

ஏன்னா நம்ம கூட்டத்தில் டி.என்.எஃப். ஒரு கெட்ட வார்த்தை ஆயிடுச்சு. மெடல் போட்டோவுக்கு நூறு வாழ்த்து வரும். பாதியில் திரும்பினவனுக்கு "அடுத்த தடவை பார்த்துக்கலாம் மச்சி" என்று துக்கம் விசாரிப்பாங்க. தூங்காம ஓட்டினதை வீரதீரக் கதையாச் சொல்வோம். நானும் சொல்லியிருக்கேன், 400 முடிச்சப்போ. அந்தக் கதையைக் கேட்டு யாராவது ஒருத்தர் அடுத்த பிரெவேயில் பாயை விட்டுட்டுக் கிளம்பியிருந்தா, அதில் எனக்கும் பங்கு உண்டு.

இந்தத் தூங்காத வீரம் பழைய ரேஸ் காலத்துச் சரக்கு. 1891இல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் என்று 1200 கிலோமீட்டர் பந்தயம் வச்சப்போ, ஷார்ல் தெர்ரோன் என்பவர் தூங்காமலே சுமார் 71 மணி நேரத்தில் வந்து ஜெயிச்சார். அது ரேஸ், அவர் தொழில்முறை வீரர். 1931இலிருந்து நம்மளை மாதிரி அமெச்சூர்களுக்குன்னு தொழில்முறை ரேஸிலிருந்து தனியா ஓட்டம் பிரிஞ்சுது. இப்போ அதுக்குக் கெடு 90 மணி நேரம். யோசிச்சுப் பார்த்தா, எவ்வளவு வேகமா வரணும் என்பதற்காக வச்ச கெடு இல்லை இது. எவ்வளவு மெதுவா வரலாம் என்று தாராளமாக் கொடுத்த அனுமதி.

600ஐ எடுத்துக்குங்க. மணிக்கு 20 கிலோமீட்டர் ஓட்டினா மிதிக்கிற நேரம் 30 மணி. கெடு 40. பாக்கி பத்து மணி நேரம் உங்களோடது. சாப்பாடு, பஞ்சர், டீ எல்லாத்துக்கும் ஆறு மணி நேரம் போனாலும் நாலு மணி நேரம் தூங்கலாம். அந்தத் தூக்கம் கெடுவுக்குள்ளேயே இருக்கு. அதை வேண்டாம் என்று தள்ளினது நான்தான்.

"எல்லையைத் தாண்டினாத்தானே பாஸ் எண்டியூரன்ஸ்?" என்று கேட்பீங்க. கால்வலி, முதுகுவலி, எதிர்க்காத்து, இதையெல்லாம் மனசை வச்சுத் தாண்டலாம். மறுக்கலை. தூக்கத்தை அப்படித் தாண்ட முடியாது, ஏன்னா தூங்கிப் போறதே அந்த மனசுதான். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மூணு விநாடி கண் அசந்தா கிட்டத்தட்ட 17 மீட்டர் குருடா போறோம். அந்த 17 மீட்டரில் லாரி மட்டும்தான் இருக்கும் என்று இல்லை. விடிகாலையில் பால் கேன் மாட்டிக்கிட்டு விளக்கில்லாத சைக்கிளில் போறவர் இருக்கலாம். அவருக்கு மெடலும் கிடையாது, கெடுவும் கிடையாது. கால்வலி என்னோட சொந்தப் பிரச்சினை. தூக்கம் அப்படி இல்லை. என்மேல ஏத்தியிருந்தா, அந்த டிரைவர் அண்ணன் வாழ்க்கையும் அதோட போயிருக்கும்.

அதனால எனக்கு நானே போட்டுக்கிட்ட சட்டம் மூணு. ஒண்ணு, முந்தின ராத்திரி ஆறு மணி நேரம் தூங்கலைன்னா ஸ்டார்ட்டுக்கே போறதில்லை, கட்டின காசு போனாப் போகட்டும். ரெண்டு, 400லயும் 600லயும் தூக்கமும் ஒரு கன்ட்ரோல். முத்திரை இல்லைன்னாலும் நின்னே ஆகணும். மூணு, யாராவது "தூக்கம் வந்துச்சு, விட்டுட்டேன்" என்று சொன்னா, மெடல் வாங்கினவருக்குக் கை கொடுக்கிற மாதிரியே கை கொடுக்கிறது.

பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். 2023க்கு அடுத்தது 2027. அதுக்குப் போகணும்னா அந்த வருஷமே சூப்பர் ராண்டனர் தகுதி வேணும். அதனால 'எப்படியாவது முடிச்சுடணும்' என்ற வெறி நம்ம ஆளுங்ககிட்ட இன்னும் ஏறும். எனக்கும் ஆசை இருக்கு, இல்லைன்னு சொல்லலை. ஆனா கொள்ளிடத்தைத் தாண்டாம பிரெஸ்ட்டுக்குப் போக முடியாது.

அடுத்த 600க்குப் பேர் கொடுத்தாச்சு. அந்த வெள்ளிக்கிழமைக்கு லீவும் போட்டாச்சு. மேனேஜர் காரணம் கேட்டார். "தூங்கணும் சார்" என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு யாரும் சைக்கிளை விட்டுடாதீங்க மக்களே. முதல்ல ஒரு 200 ஓட்டிப் பாருங்க. காலையில் கிளம்பினா ராத்திரிக்குள்ள வீட்டுக்கு வந்து நல்லா தூங்கலாம் :-)