கயிற்றின் மறுமுனையில் யார்?

பாறை உச்சியில், முதுகைப் பள்ளத்துக்குக் காட்டி நிற்கிறீர்கள். 'இப்போது பின்னால் சாய்' என்கிறார் ஒருவர். சாய்வீர்களா?

மலையேற்றப் பயிற்சிக்குப் போகிறவர்கள் முதல் சில நாள்களிலேயே இதைச் செய்தாக வேண்டும். கயிற்றில் தொங்கியபடி பாறையில் இறங்கும் இந்த வித்தைக்கு 'ரேப்பலிங்' என்று பெயர். விதி எளிமையானதுதான். பயந்துபோய் உடம்பைப் பாறையோடு ஒட்டிக்கொண்டால் கால் வழுக்கும். துணிந்து பின்னால் சாய்ந்து, பாதத்தைப் பாறையில் அழுத்தி ஊன்றினால் வழுக்காது. மூளைக்கு இது புரிந்துவிடும். முழங்காலுக்குத்தான் புரியாது, தடதடவென்று ஆடும். மலையேறுகிறவர்கள் அந்த நடுக்கத்துக்கே 'தையல் மெஷின்' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள்.

அந்த அரை நிமிடத்தில் எதிரே நிற்கும் பயிற்சியாளர் என்ன செய்கிறார் என்று பாருங்கள், அவர் எப்படிப்பட்டவர் என்பது தெரிந்துவிடும். ஒருவர் கத்துவார். "பின்னால் எத்தனை பேர் நிற்கிறாங்க பார், சீக்கிரம்!" இன்னொருவர் பேசவே மாட்டார். இடுப்பில் கட்டிய ஹார்னெஸ் பட்டையை இழுத்துப் பார்ப்பார். காராபினர் வளையத்தின் பூட்டைத் திருகிப் பார்ப்பார். பாதுகாப்புக் கயிற்றின் முடிச்சைத் தொட்டு, "இது என்ன முடிச்சு?" என்பார். "ஃபிகர் ஆஃப் எய்ட், சார்." "யார் போட்டது?" "நான்தான் சார்." "சரியா இருக்கா?" பையன் குனிந்து பார்ப்பான். சரியாக இருக்கும். "அப்புறம் என்ன? சாய்."

இரண்டு பேரிடமும் பையன் இறங்கிவிடுவான். முதலாமவரிடம் இறங்கியவன் தப்பித்தோம் என்று நினைப்பான். இரண்டாமவரிடம் இறங்கியவன், அடுத்த முறை யாரும் கேட்காமலேயே தன் முடிச்சைத் தானே சரிபார்ப்பான். பயிற்சி என்பது அந்த இரண்டாவது விஷயம்தான்.

இந்தியாவில் இதற்கென்றே பெயர் பெற்ற நிறுவனங்கள் இருக்கின்றன. டார்ஜிலிங்கில் 1954-ல் தொடங்கிய இமாலயன் மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியில் 1965-ல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனம், மணாலியிலும் பஹல்காமிலும் உள்ளவை ஆகியவற்றைச் சொல்லலாம். அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய நான்கு வாரம். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ரயிலேறிப் போய், உதடு வெடித்து, மூக்கு கறுத்துத் திரும்பி வரும் பிள்ளைகளை இப்போது பார்க்க முடிகிறது.

டார்ஜிலிங் நிறுவனத்தில் களப்பயிற்சிக்கு முதல் இயக்குநர், டென்சிங் நார்கே. 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியுடன் எவரெஸ்ட் உச்சியில் நின்றவர். அப்பேர்ப்பட்டவருக்கு இனி யார் என்ன சொல்லிக்கொடுக்க முடியும்? ஆனால், நிறுவனம் தொடங்கும் முன் அவரையே சுவிட்சர்லாந்துக்கு அனுப்பினார்கள். ரோசன்லாவி என்ற ஊரில் மலையேற்றப் பள்ளி நடத்திய ஆர்னால்ட் கிளாத்தார்டிடம், மலையேற்றத்தைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று டென்சிங் பயின்றார். அவருடன் சில ஷெர்பாக்களும் போனார்கள். உலகமே கொண்டாடிய மனிதர், 40 வயதில் மறுபடியும் மாணவர்! ஏறத் தெரிவது வேறு, ஏறக் கற்றுக்கொடுக்கத் தெரிவது வேறு என்று அன்றைக்கே யாரோ யோசித்திருக்கிறார்கள். நம் பள்ளி, கல்லூரிகளில்கூட இந்த வித்தியாசம் பல நேரம் மறந்துபோகிறது.

டென்சிங்கிடம் இன்னொரு தகுதியும் இருந்தது. வெற்றி பெற்ற அந்த 1953 பயணம் அவருக்கு ஏழாவது எவரெஸ்ட் பயணம். 1935-ல் சுமை தூக்குபவராகத் தொடங்கி, அதற்கு முன் ஆறு முறை உச்சி தொடாமல் திரும்பியிருந்தார். 1952-ல் சுவிஸ் வீரர் ரேமண்ட் லாம்பெர்ட்டுடன் ஏறத்தாழ 8,600 மீட்டர் வரை போய்விட்டு, அங்கிருந்தும் திரும்பினார். இன்னும் 250 மீட்டர்தான் பாக்கி! திரும்பியதால்தான் அடுத்த வருடம் மறுபடியும் வர முடிந்தது. மாணவர்களுக்குச் சொல்ல அவரிடம் இருந்தது ஒரு உச்சியின் கதை மட்டுமல்ல, ஆறு திரும்பல்களின் கதையும்தான்.

ஹிலாரியே அவரிடம் உயிர் பிழைத்தவர். 1953 ஏப்ரலில் கும்பு பனி அருவிப் பகுதியில் இருவரும் ஒரே கயிற்றில் வந்துகொண்டிருந்தபோது, ஹிலாரி தாண்டிக் குதித்த இடத்தில் பனி உடைந்து, பிளவுக்குள் விழுந்தார். பின்னால் வந்த டென்சிங் நொடியில் தன் ஐஸ் கோடாலியைப் பனியில் குத்தி, கயிற்றை இறுக்கி அவரை நிறுத்தினார். யோசித்துச் செய்கிற காரியம் அல்ல இது. கயிறு எப்போதும் தொய்யாமல் இருக்கிறதா என்று முன்னாலிருந்தே கவனித்து வந்தவரால் மட்டும்தான் முடியும்.

இப்படிச் சாகசமாகச் சொன்னாலும், நல்ல பயிற்சியாளரின் வேலையில் பெரும்பகுதி பார்ப்பதற்குச் சப்பென்று இருக்கும். ஈர சாக்ஸோடு தூங்கப் போகிறவனைத் திட்டி மாற்ற வைப்பது. 'தாகமே இல்லை' என்கிறவளைத் தண்ணீர் குடிக்க வைப்பது. விரல் நுனி மரத்திருக்கிறதா என்று கேட்பது. சிறுநீர் என்ன நிறத்தில் போகிறது என்று கூச்சமில்லாமல் விசாரிப்பது. நடக்கும்போது வேண்டுமென்றே மெதுவாக நடப்பது. முதல் நாள் இளவட்டங்களுக்கு அந்த வேகம் அவமானமாகத் தெரியும். ஜிம்மில் உருண்டு திரண்ட உடம்பை என்னதான் செய்வது? மூன்றாம் நாள், நாலாயிரம் மீட்டரை நெருங்கும்போது, அந்த ஆமை வேகம் எதற்கு என்று விளங்கும்.

உயரம்தான் இந்தப் பயிற்சியின் நிஜமான பரீட்சை. காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை என்று தொடங்கும். பலருக்கு ஓய்வெடுத்தால் சரியாகிவிடும். சிலருக்கு நுரையீரலில் நீர் கோக்கும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் விடாது. சிலருக்கு மூளை வீங்கும். நேராக நடக்க முடியாது, பேச்சு குழறும். இந்த இரண்டும் ஒரே இரவில் ஆளைக் கொன்றுவிடக்கூடியவை. உடற்பயிற்சி செய்த உடம்பு என்று உயரம் யாருக்கும் சலுகை தருவதில்லை. மராத்தான் ஓடுகிறவர் படுத்துக்கிடக்க, தொப்பை வைத்தவர் கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருப்பதும் உண்டு.

இங்கேதான் ஒரு சிக்கல். அடிப்படைப் பயிற்சியில் 'ஏ' கிரேடு வாங்கினால்தான் அடுத்தகட்டப் பயிற்சிக்குப் போக முடியும். வீட்டில் சண்டை போட்டு, லீவு வாங்கி, பணம் கட்டி வந்த பிள்ளை, தலைவலி என்று வாய் திறக்குமா? திறந்தால் கீழே அனுப்பிவிடுவார்களோ, கிரேடு போய்விடுமோ என்று மாத்திரையை விழுங்கிவிட்டுச் சிரிக்கும். மதிப்பெண் போடுகிறவரும் உயிரைக் காக்கிறவரும் ஒரே ஆளாக இருப்பதால் வரும் வினை இது.

இதை உணர்ந்த பயிற்சியாளர், 'தலை வலிக்குதா?' என்று வரிசையில் நிற்க வைத்துக் கேட்டுவிட்டு, எல்லோரும் 'இல்லை சார்' என்றதும் போய்விட மாட்டார். சாப்பாட்டு நேரத்தில் சுற்றி வருவார். யார் தட்டில் ரொட்டி பாதி மிச்சம்? நேற்று முன்னால் ஓடிய பையன் இன்று ஏன் கடைசியில் வருகிறான்? ஷூ லேஸ் கட்ட ஒருத்தி ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறாள்? ஓயாமல் ஜோக்கடித்தவன் காலையிலிருந்து ஏன் வாயைத் திறக்கவில்லை? சந்தேகம் வந்தால், ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொரு பாதத்தின் நுனியில் ஒட்டிவைத்து, கோடு போட்ட மாதிரி நடக்கச் சொல்வார். தள்ளாடினால் பேச்சே கிடையாது, உடனே கீழே இறக்கியாக வேண்டும். ஆக்சிஜனும் மருந்தும் உதவும். ஆனால், கீழே இறங்குவதுதான் முதல் வைத்தியம்.

கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவது இன்னும் நல்லது. 'உடம்பு சரியில்லை என்று சொன்னவரை நம்பி அடுத்த கயிற்றில் கட்டலாம்; மறைத்தவரை எப்படிக் கட்டுவது?' என்று முதல் நாளே வெளிப்படையாகப் பேசிவிட்டால், பாதிப் பேராவது வாய் திறப்பார்கள்.

பனிச்சரிவில் சறுக்கினால் ஐஸ் கோடாலியால் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும் பயிற்சி ஒன்று உண்டு. குப்புற, மல்லாக்க, தலைகீழாக என்று வேண்டுமென்றே விழுந்து விழுந்து பழக வேண்டும். பார்க்கிறவர்களுக்கு விழுகிற மாணவர்கள்தான் தெரிவார்கள். கோடாலி பிடிக்கத் தவறினாலும் பள்ளத்தில் போய் விழாமல், சமதளத்தில் உருண்டு நிற்கும்படியான ஒரு சரிவைத் தேடிப்பிடித்து வைத்திருக்கிறாரே, அந்த ஆசிரியரின் திறமை யார் கண்ணிலும் படாது.

'வேண்டாம்' என்று சொல்லும் திறமையும் அப்படித்தான். 1820 ஆகஸ்டில், ரஷ்யாவிலிருந்து வந்த ஹாமெல் என்ற விஞ்ஞானி, ஆல்ப்ஸ் மலையின் மோன் பிளாங் சிகரத்துக்குக் கிளம்பினார். புதுப்பனி கொட்டியிருந்தது. கூட வந்த ஷாமோனி ஊர் வழிகாட்டிகள் தயங்கினார்கள் என்றும், போயே தீர வேண்டும் என்ற அவரது பிடிவாதம் ஜெயித்தது என்றும் அந்தக் கதையைச் சொல்வார்கள். பனி சரிந்து, மூன்று வழிகாட்டிகள் பிளவுக்குள் போனார்கள். ஹாமெல் பிழைத்தார். அடுத்த ஆண்டே, 1821-ல், ஷாமோனியின் வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அது இன்றும் இயங்குகிறது. இறந்த மூவரின் எச்சங்களைப் பனியாறு மெல்ல மெல்லக் கீழே சுமந்து வந்து, 1861-ல்தான் வெளியே தள்ளத் தொடங்கியது.

காசு கொடுத்தவர் 'போகலாம்' என்றாலும், வழிகாட்டி 'வேண்டாம்' என்றால் வேண்டாம்தான் என்ற மரியாதை அத்தனை விலை கொடுத்து வந்தது. பயிற்சி வகுப்பில் இந்த மரியாதைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. நேற்று எவ்வளவு பனி விழுந்தது, காற்று எந்தப் பக்கம் அடித்தது, சரிவு எத்தனை பாகை, வெயில் எப்போது படும் என்று, எதனால் 'வேண்டாம்' என்பதை விளக்கிவிட்டால், அந்த ஒரு ரத்தான நாள் பத்து வகுப்புக்குச் சமம். பனிச்சரிவு விபத்துகளில் பெரும்பாலும், சிக்கியவரோ அவருடைய குழுவில் ஒருவரோ கால் வைத்ததால்தான் பனி உடைந்திருக்கிறது. 30 முதல் 45 பாகை வரையுள்ள சரிவுகளில்தான் இது அதிகம். ஏறுவதற்கு ஆசையாக இருப்பதும் அதே சரிவுகள்தான்.

எல்லாம் தெரிந்தவர்களையும் மலை விடுவதில்லை. 2022 அக்டோபர் 4 அன்று, உத்தரகாசிக்கு மேலே 'திரௌபதி கா டண்டா - 2' சிகரத்தில், நேரு மலையேற்ற நிறுவனத்தின் அடுத்தகட்டப் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கியது. 29 பேரை அந்தப் பனி கொண்டுபோனது. அவர்களில் 27 பேர் பயிற்சிக்கு வந்தவர்கள், இருவர் பயிற்சியாளர்கள். அந்த இருவரில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம்தான், 16 நாள் இடைவெளியில் எவரெஸ்டையும் மகாலுவையும் ஏறியிருந்தார். அந்தச் சாதனையைச் சொல்லிப் பேட்டி கொடுத்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டியிருக்கலாம். அவரோ, பயிற்சியாளராக மாணவர்களோடு மலையில் இருந்தார்.

அதனால், பிள்ளை பயிற்சிக்குப் போகிறேன் என்று நின்றால், தடுப்பதற்கு முன் நாலு கேள்வி கேட்கலாம். ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை மாணவர்கள்? மருத்துவர் முகாம் வரை வருவாரா, கீழேயே நின்றுவிடுவாரா? உடம்பு முடியாமல் போனால் எந்த வழியாக, எத்தனை மணி நேரத்தில் இறக்குவார்கள்? வானிலை சரியில்லை என்றால் திரும்பும் முடிவை எடுப்பது யார்? மலையில் உடன் நிற்பவரா, கீழே ஆபீஸில் இருப்பவரா? தனியார் அமைப்பு என்றால் இன்னொன்றும் கேளுங்கள். உங்கள் பயிற்சியாளர்கள் எத்தனை முறை உச்சி தொடாமல் திரும்பியிருக்கிறார்கள்? 'ஒரு முறைகூட இல்லை' என்று பெருமையாகப் பதில் வந்தால், வேறு இடம் பார்ப்பது நல்லது.

பதில்கள் திருப்தி என்றால், முதல் வேலையாக ஷூவை வாங்கி இப்போதே போட்டுப் பழகச் சொல்லுங்கள். கிளம்புகிற அன்றைக்குப் புது ஷூ மாட்டியவர்கள், முதல் வாரம் முழுக்க மலையைப் பார்ப்பதில்லை. குதிகாலில் வந்த கொப்புளத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.