எங்கள் தேன், தேன் இல்லையாம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி, முல்லைத்தீவுக் காட்டில் மரப்பொந்திலிருந்து எடுத்த தேன், தேன் இல்லை. கோபத்தில் மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம். தேன் பற்றிய 2001ஆம் ஆண்டின் ஒன்றிய உத்தரவை எடுத்துப் பாருங்கள். ஏபிஸ் மெலிஃபெரா என்ற தேனீ ஆக்குவதே தேன் என்று அதன் பின்னிணைப்பு தொடங்குகிறது. அது ஐரோப்பா, ஆபிரிக்கா, மேற்காசியப் பக்கத்துத் தேனீ. எங்கள் ஊரில் பொந்துக்குள் அடுக்கடுக்காக அடை கட்டுவது ஏபிஸ் செரானா. உயர்ந்த கிளையிலும் பாறையிலும் ஒற்றைப் பெரிய அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீ ஏபிஸ் டோர்சாட்டா. பற்றைக்குள் கொம்பைச் சுற்றிக் கட்டும் கொம்புத்தேனீ இன்னொன்று. சுவர் ஓட்டைக்குள் குடியிருக்கும், கொட்டத் தெரியாத கொசுத்தேனீ வேறொன்று. இந்த நான்குக்கும் அந்த வரையறையில் இடமில்லை.

இதை எனக்குத் தெரியவைத்தது ஒரு தேன் போட்டி. லாச்சப்பலில், தொடருந்துப் பாதையோரக் கூட்டுத்தோட்டம் ஒன்றின் மூலையில் எனக்கு இரண்டு தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. "இந்தப் புகைக்குள்ளையோ?" என்று கேட்காத சனம் இல்லை. தேனீ மூன்று கிலோமீற்றர் பறக்கும். புயித்-ஷோமோன் பூங்கா அதற்குப் பக்கத்து வீடு. வீதியோரத்துத் தியேல் மரங்களும், இங்கே அக்காசியா என்று விற்கப்படும் ரொபினியாவும் பூக்கும் மே, ஜூன் மாதங்களில் என் பெட்டிகளின் பாரம் முதுகை முறிக்கும்.

பாரிஸில் தேன் போட்டிகளுக்குக் குறைவில்லை. 1870இல் தொடங்கிய கொங்கூர் ஜெனரால் அக்ரிகோலில் தேனுக்கும் பதக்கம் உண்டு. நான் கொடுத்தது அவ்வளவு பெரியதற்கு இல்லை, சின்னச் சங்கம் ஒன்றுக்கு. போத்தலில் பெயர் இருக்கக்கூடாது, இலக்கம் மட்டும்தான். ஒளிமுறிவுமானியில் ஒரு துளி விட்டு நீரளவு பார்ப்பார்கள், 20 வீதத்தைத் தாண்டினால் வெளியே. பிறகுதான் நிறம், மணம், சுவை. வீட்டு வாடகைக்கோ வேலைக்கோ விண்ணப்பம் போட்டுவிட்டு, தன் பெயரைப் படித்த முகம் மாறுவதைப் பார்த்த எவருக்கும் அந்த இலக்கத்தின் அருமை தெரியும். (தருமிக்குப் பொற்கிழி வாங்கித் தந்ததாகக் கதை சொல்லும் குறுந்தொகைப் பாட்டிலும் நடுவர் ஒரு தும்பிதான். மதுரைப் போட்டிகளும் தேனீயை நம்பித்தான் இருந்திருக்கின்றன.)

என் பாரிஸ் தேன் பரிசு வாங்கவில்லை, நடுவில் எங்கோ வந்தது. அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் வன்னியிலிருந்து உறவினர் ஒருவர் கொண்டுவந்த தேனில் ஒரு சிறு போத்தலையும் எடுத்துப் போயிருந்தேன். அது போட்டிக்கு வேண்டாம், சுவை பார்க்கும் மேசையில் வைக்கலாமா என்று கேட்டேன். பொறுப்பாளர் மரியாதையான மனிதர். ருசித்தார், கண்ணை மூடினார், இன்னொரு கரண்டி எடுத்தார். பிறகு, இதைத் தேன் என்று எழுத முடியாது மிஸ்யூ என்று சொல்லி, அட்டையில் 'இனிப்புப் பொருள்' என்று எழுதி வைத்தார்.

என் சண்டை அவரோடு இல்லை. அவர் கையிலிருந்த தாளோடுதான்.

அந்தத் தாளுக்குச் சார்பாகச் சொல்லக்கூடிய நியாயம் ஒன்று உண்டு. ஈரமான வெப்பநாட்டுக் காட்டுத் தேனில் நீர் கூட, கெதியில் நுரைக்கும், ஆகவே அளவுகோலுக்குள் அடங்காது என்பார்கள். சரி. ஆனால் அதே உத்தரவு, கலுனா என்ற ஐரோப்பியப் புதர்ச்செடியின் தேனுக்கு 20க்குப் பதிலாக 23 வீதம் நீரை அனுமதிக்கிறது. தங்கள் மேட்டுநிலத்துப் பூவுக்கு விலக்கு எழுதத் தெரிந்த பேனாவுக்கு, எங்கள் காட்டுத் தேனீக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா? உலக உணவுத் தரங்களை வகுக்கும் கோடெக்ஸ், தேனீ என்று பொதுவாகச் சொல்கிறதே தவிர ஓர் இனத்தைக் குறிப்பிடவில்லை. மலேசியா தன் கொசுத்தேனுக்கென்று 2017இல் தனித் தரமே எழுதிவிட்டது. மனமிருந்தால் இடமுண்டு.

சரி, இவ்வளவு காவல் வைத்த வாசல் எதைத் தடுத்தது? ஒன்றியத்தின் சொந்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. இறக்குமதித் தேனில் 320 மாதிரிகள் எடுத்தார்கள், 147இல் பாகு கலந்திருப்பதாகச் சந்தேகம். ஏறக்குறைய பாதி. அவை தேன் என்ற பெயரோடு உள்ளே வந்தவை. எங்களுடையது இனிப்புப் பொருள்! 2024இல் உத்தரவைத் திருத்தினார்கள், கலவைத் தேனில் எந்தெந்த நாடு என்று எழுதவேண்டும் என்றார்கள். நல்லது. தேனீயின் பெயரில் கை வைக்கவில்லை.

தேனீ வளர்ப்போர் கூட்டங்களில் 'ஆசிய' என்ற சொல் வருவது இரண்டு எதிரிகளுக்காக மட்டும்தான். ஒன்று ஆசியக் குளவி, 2004 அளவில் பிரான்சுக்குள் வந்தது. மற்றது வரோவா உண்ணி, 1982இல் வந்தது. அந்த உண்ணி செரானாவிடமிருந்து தொற்றியது. செரானா அதோடு காலங்காலமாக வாழப் பழகிய தேனீ, உண்ணியைத் தேடிப் பிடித்து அகற்றும். குளவி வந்தால் கூட்டமாக மொய்த்து உடற்சூட்டாலேயே கொன்றுவிடும். இங்குள்ளவர்கள் மருந்துப் பட்டிகளோடு போராடுவதை அது பட்டியில்லாமல் செய்கிறது. இதைச் சொன்னால் ஆர்வமாகக் கேட்பார்கள். அந்தத் தேனீயின் தேன் எப்படி இருக்கும் என்று ஒருவரும் கேட்டதில்லை.

இனி எங்கள் பக்கம். இங்கே எனக்கு இன்னும் கோபம் கூட.

நான் வடித்த தேன் குளிர்காலத்தில் உறைந்துவிட்டால், "தம்பி, இது சீனிப்பாணி" என்று திருப்பித் தரும் அண்ணைமார் உண்டு. குளுக்கோசு கூடிய தேன் உறையும், கடுகினத்துக் கொல்சாத் தேன் சில வாரத்திலேயே கட்டியாகும், அக்காசியா நெடுநாள் ஓடும். உறைவது கலப்படத்துக்கு அடையாளமே இல்லை. வன்னித் தேன் நுரைத்தால் அதே அண்ணை, "தண்ணி கலந்து போட்டாங்கள்" என்கிறார். அங்கிருந்து வந்தால் தண்ணீர், இங்கிருந்து வந்தால் சீனி! தீக்குச்சியைத் தோய்த்துப் பற்றவைத்துப் பார்க்கும் பரிசோதனையும் நடக்கும். பிறகு பேரங்காடியில், ஒன்றியத் தேனும் ஒன்றியம் சாராத தேனும் கலந்தது என்று பொடி எழுத்தில் போட்ட பொன்னிறப் போத்தலை வாங்கிக் கோயில் அபிஷேகத்துக்குக் கொடுப்போம். மேடையில் ஏறினால் தேன்தமிழ். எந்தத் தேன் என்று எங்கள் தமிழ்ச்சோலை வாத்தியார்மாரைக் கேளுங்கள். நாலு தேனீயின் பெயர் சொல்லக்கூடியவரை நான் இன்னும் தேடுகிறேன். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கு ஒருவரும் காட்டவில்லை.

தன் தேனை அறியாத சனத்துக்கு, தேன் எது என்று மற்றவன் எழுதி வைப்பான். பிறகு அந்த எழுத்தைக் காட்டி எங்கள் கடைக்காரரே வன்னிப் போத்தலைத் தட்டுக்குக் கீழே ஒளிப்பார்.

அடுத்த கோடையிலும் என் போத்தலைப் போட்டிக்குக் கொடுப்பேன். அதோடு ஒன்றியத்துக்கு ஒரு கடிதமும் போகும். கலுனாவுக்கு எழுதியதுபோல் செரானாவுக்கும் டோர்சாட்டாவுக்கும் கொசுத்தேனீக்கும் தனி அளவு எழுதுங்கள் என்று கேட்கும் கடிதம். பிரெஞ்சை என் மகள் திருத்தித் தருகிறாள். கையெழுத்து வைக்க வருகிறவர்கள் வீட்டிலுள்ள தேன் போத்தலையும் எடுத்து வாருங்கள். அது எந்தத் தேனீயுடையது என்று சேர்ந்து பார்ப்போம்.