குடும்பப் படங்களும் கட்டற்ற கணினியும்

சொந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம்மவர்க்கு ஊரின் நினைவு பெரும்பாலும் படங்களிலேயே தங்கியிருக்கிறது. பாட்டனாரின் சதாபிஷேகமும், தங்கையின் திருமணமும், இடிக்கப்படுமுன் எடுத்த பழைய வீட்டு முற்றமும் முன்னாளில் ஆல்பத்தில் இருந்தன. இந்நாளில் உள்ளங்கையளவு ஹார்ட் டிஸ்க்கில் அடங்கிவிடுகின்றன. ஆல்பம் கீழே விழுந்தால் படங்களைப் பொறுக்கி அடுக்கலாம். டிஸ்க் கெட்டால் பொறுக்குவதற்கு ஒன்றுமில்லை. ஆதலின் இத்திங்கள் இப்பொருள் பற்றிச் சில கூற விழைகின்றோம்.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிவுற்றது. புதிய பதிப்பை ஏற்க இயலாத பழைய கணினியைக் கழித்துவிட மனமில்லாதவர்க்கு லினக்ஸ் நல்லதொரு வழி. 1991இல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய அப்பணி இன்று பல நாட்டினரின் கூட்டுழைப்பாக வளர்ந்துள்ளது. அதன் மூல நிரல் யாவர்க்கும் திறந்தே உள்ளது. உபுண்டு முதலிய பதிப்புகளைப் பணம் கொடாமலே பெறலாம். சென்னை சி-டாக் நிறுவனத்தாரும் 'பாஸ்' என்னும் பெயரில் ஒரு பதிப்பை உருவாக்கியுள்ளனர். "எங்கள் பழைய டிஸ்க்கும் கேமராவும் அதில் வேலை செய்யுமா?" என்பதே தயங்குவோரின் முதல் வினா. செய்யும், எனினும் சில முறைகளை அறிந்திருத்தல் வேண்டும்.

முதலில் கேமரா. அதனுடன் வந்த குறுந்தகட்டைத் தேட வேண்டுவதில்லை. ஜிஃபோட்டோ என்னும் கட்டற்ற மென்பொருள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கேமரா வகைகளை அறியும். கம்பியால் இணைத்ததும் படங்கள் திரையில் தோன்றும். "கேமராவைத் திறக்க இயலவில்லை" என்ற செய்தி வருமாயின், பெரும்பாலும் கோப்பு மேலாளரும் படம் இறக்கும் மென்பொருளும் ஒரே நேரத்தில் அதனைப் பற்ற முயல்கின்றன என்று பொருள். ஒன்றை மூடினால் மற்றொன்று திறக்கும். இதனினும் எளிய வழி, மெமரி கார்டைக் கழற்றிக் கார்டு ரீடரில் செருகுவதே. 'டிசிஐஎம்' என்ற கோப்புறையில் படங்கள் யாவும் இருக்கும்.

அடுத்து ஹார்ட் டிஸ்க். அதில் கோப்புகளை அடுக்கும் முறைகள் பல. லினக்ஸுக்கே உரிய எக்ஸ்ட்4 முறையை விண்டோஸ் தானாகப் படிக்காது. பழைய ஃபாட்32 முறையை எல்லாக் கணினிகளும் படிக்கும். ஆயினும் 4 ஜிபி அளவை எட்டும் ஒற்றைக் கோப்பை அது ஏற்காது. திருமண வீடியோ அங்கேதான் தடைப்படும். எக்ஸ்ஃபாட் முறையின் விவரங்களை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டபின், லினக்ஸும் அதனை நேரடியாகவே ஏற்றுக்கொண்டது. ஊருக்கும் இங்குமாகப் பயணம் செய்யும் டிஸ்க்குக்கு அதுவே ஏற்றது. முறையை மாற்றினால் உள்ளிருப்பவை அழியும் என்பதால், உள்ளே உள்ளவற்றை முதலில் வேறிடத்தில் படியெடுத்து வைத்தல் இன்றியமையாதது.

இனி, நாம் முதன்மையாகச் சொல்ல வந்தது. கோப்புகளைப் பென் டிரைவில் படியெடுக்கும்போது லினக்ஸ் அவற்றை முதலில் கணினியின் நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, பின்னர் சிறிது சிறிதாக எழுதுகிறது. ஆகவே "முடிந்தது" என்று திரை சொன்ன பின்னும் எழுத்து வேலை நடந்துகொண்டிருக்கலாம். ரயிலுக்கு நேரமாயிற்று என்று அப்பொழுதே பிடுங்கினால், ஊரில் திறந்து பார்க்கையில் சில படங்கள் பாதியாகவும் சில வெறும் பெயராகவும் இருக்கும். எக்ஸ்ஃபாட், ஃபாட்32 ஆகிய முறைகளில் இத்தகைய குறுக்கீட்டைச் சரிசெய்யும் ஏற்பாடும் குறைவு. டிஸ்க்கின் பெயரருகே உள்ள வெளியேற்றும் அம்புக்குறியை அழுத்துங்கள். "இனி எடுக்கலாம்" என்னும் பொருள்பட அறிவிப்பு வந்த பின்னரே கையை வையுங்கள். சில வேளை ஐந்து நிமிடமும் ஆகலாம். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது பழமொழி. இங்கே பொறுத்தார்க்குப் படங்கள் மிஞ்சும்.

மெமரி கார்டை அழிக்கும் அவசரமும் கூடாது. படியெடுத்த டிஸ்க்கைக் கழற்றி, மீண்டும் செருகி, முதற்படத்தையும் கடைசிப் படத்தையும் இடையில் சிலவற்றையும் வீடியோவையும் திறந்து பாருங்கள். அதன்பின் இரண்டாம் படியொன்றை வேறொரு டிஸ்க்கில் எடுத்து, ஊரில் உள்ள உடன்பிறந்தார் வீட்டில் வைக்கச் சொல்லுங்கள். இங்கே ஒன்று பழுதாயினும் அங்கே ஒன்று இருக்கும். கார்டை அழிப்பது இவ்வளவும் ஆன பின்னரே. அதனையும் கேமராவிலேயே செய்வது நன்று.

இயங்குதளம் எதுவாயினும் இவ்வொழுக்கம் ஒன்றே. கணினியை மாற்றலாம், கேமராவை மாற்றலாம். நம்மை விட்டுப் பிரிந்த பெரியவரை மீண்டும் நிறுத்திவைத்துப் படமெடுக்க இயலாது. ஆதலின் அடுத்த விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் ஒரு மாலைப் பொழுதை இதற்கென ஒதுக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றோம்.