பையனையும் அழைத்துக்கொண்டுதான்!

வெளிநாட்டில் உத்தியோகம் என்று ஒரு வீட்டில் செய்தி வந்துவிட்டால் போதும், அந்த வீட்டுக்குக் கல்யாணக் களை வந்துவிடுகிறது. வடகம் காயப் போடுகிறவர் ஒரு பக்கம், கம்பளிச் சட்டை எங்கே மலிவு என்று விசாரிக்கிறவர் ஒரு பக்கம், பெட்டியைத் தராசில் ஏற்றி இறக்குகிறவர் ஒரு பக்கம். ஆனால் அதே வீட்டில் ஆட்டிசம் உள்ள பதினைந்து வயதுப் பையன் ஒருவன் இருந்தால்? களையெல்லாம் கூடத்தோடு சரி. சமையலறையில் தாயார் கையில் கரண்டியுடன் யோசித்துக்கொண்டு நிற்கிறாள்.

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் சிநேகிதிக்கு இப்போது அந்த நிலைமைதான். கணவருக்குக் கம்பெனியில் நியூ ஜெர்ஸிக்கு மாற்றல். உறவினர் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டார்கள். "எங்கிட்டே விட்டுட்டுப் போம்மா. நீங்க போய்க் காலை ஊன்றிக்கிட்டு அப்புறமா அழைச்சுக்குங்க" என்கிறார் மாமியார். நல்ல மனசு, சந்தேகமில்லை. பெரியப்பாவோ, "அமெரிக்காவிலே இதுக்கெல்லாம் மருந்து இருக்கு. ஒரே வருஷத்திலே சரியாயிடும்!" என்கிறார்.

பெரியப்பாவுக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ஆட்டிசம் மருந்தால் தீருகிற வியாதி அல்ல. மூளை வளரும் விதத்திலேயே உள்ள வேறுபாடு. அதைப் போக்கும் மருந்து அமெரிக்காவிலும் இல்லை, வேறெங்கும் இல்லை. இதை ஒரு தனி நிலை என்று லியோ கானர் என்ற வைத்தியர் 1943-ல் விவரித்து எழுதியது அந்த நாட்டில்தான், பால்டிமோர் நகரில். அதன் பிறகு பல வருஷம் "தாயாரிடம் பாசம் போதவில்லை, அதனால்தான் குழந்தை இப்படி" என்று பழி போட்டதும் அதே நாட்டு நிபுணர்கள்தான்! பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர், தாமே அத்தகைய பிள்ளைக்குத் தகப்பனார், 1964-ல் புத்தகம் எழுதி அந்த வாதத்தை உடைத்தார். நம் ஊர்க் கல்யாண வீடுகளில் இன்னும் சில பேர் அந்தப் பழைய பழியையே சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்தி போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

அமெரிக்காவில் மருந்து இல்லாவிட்டாலும் சட்டம் ஒன்று இருக்கிறது. 1975-க்கு முன்னால் அங்கேயும் பள்ளிக்கூடங்கள் இப்படிப்பட்ட குழந்தைகளை வாசலோடு திருப்பி அனுப்பியதுண்டு. அந்த வருஷம் வந்த சட்டம், ஊனம் எதுவானாலும் பொருத்தமான கல்வியை இலவசமாகக் கொடுப்பது பொதுப் பள்ளியின் கடமை என்று விதித்தது. 1990-ல் ஆட்டிசம் தனிப் பிரிவாகச் சேர்ந்தது. விசாவில் வந்த குடும்பமா, குடியுரிமை பெற்ற குடும்பமா என்ற பேதம் இதில் கிடையாது. இங்கே தனி உதவியாளர் வேண்டுமென்றால் பெற்றோர்தான் சம்பளம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அங்கே, பையனுக்குத் தேவை என்று முடிவானால் உதவியாளர், பேச்சுப் பயிற்சி, போய் வரும் பஸ் எல்லாம் பள்ளிக்கூடத்தின் செலவு.

அந்த முடிவு எப்படி ஏற்படுகிறது என்பதுதான் முக்கியம். சென்னையிலிருந்து கொண்டுபோகும் சான்றிதழைக் காட்டினால் மறுநாளே எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். அவற்றை அவர்கள் படித்துப் பார்க்க வேண்டும்; ஆனால் தாங்களும் சோதித்துத்தான் தீர்மானிப்பார்கள். நியூ ஜெர்ஸியில் பெற்றோர் எழுத்து மூலம் கேட்டால், அது கிடைத்த 20 நாளுக்குள் கூட்டம் கூட்டியாக வேண்டும். பள்ளி விடுமுறை நாட்கள் இந்தக் கணக்கில் சேரா. கோடை விடுமுறை மட்டும் சேரும். பெற்றோர் சம்மதக் கையெழுத்துப் போட்ட 90 நாளுக்குள் சோதனையும் முடிந்து, திட்டமும் தயாராகி, நடைமுறைக்கும் வர வேண்டும். அந்தத் திட்டத்துக்கு ஐ.இ.பி. என்று பெயர். ஒரே பையனுக்காக எழுதப்படும் படிப்புத் திட்டம். வருஷத்துக்கு ஒரு முறையாவது அதைத் திருத்தி எழுதுகிறார்கள்.

வாயால் கேட்டால் போதாதா என்று கேட்கலாம். போதாது. நாள் கணக்கு ஓட ஆரம்பிப்பது எழுத்தில் கேட்டால்தான்.

கூட்டத்தில் பெற்றோருக்கும் ஆசனம் உண்டு. உபசாரத்துக்காக அல்ல, உரிமையாக. நம்மவர்களுக்கு இங்கேதான் சங்கடம். வாத்தியார் எது சொன்னாலும் தலையாட்டியே பழகிவிட்டோம். ஆங்கிலத்தில் ஐந்தாறு நிபுணர்கள் சுற்றி உட்கார்ந்து பேசினால் கேட்கவே வேண்டாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம். பள்ளிக்கூடம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். அவர்களுடைய சோதனை திருப்தியில்லை என்றால், வெளி நிபுணர் ஒருவர் சோதிக்கட்டும், செலவு உங்களுடையது என்று கேட்கவும் வழி இருக்கிறது. "ஏதோ கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறதே, போதாதா?" என்று பள்ளிக்கூடம் தட்டிக்கழித்தால், 2017-ல் எண்ட்ரூ எஃப். என்ற பையனின் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதை நினைவுபடுத்தலாம். கொலராடோவைச் சேர்ந்த அந்தப் பையனுக்கும் ஆட்டிசம்தான். பெயருக்குச் சிறிது முன்னேற்றம் போதாது, அந்தக் குழந்தையின் நிலைமைக்குத் தக்க முன்னேற்றம் ஏற்படும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள்.

இனி மாமியாரின் யோசனை. ஐந்து வயதுக் குழந்தையாக இருந்தால் நானும் யோசித்திருப்பேன். பையனுக்கோ பதினைந்து. அந்த இலவசக் கல்வி நியூ ஜெர்ஸியில் அவனுக்கு 21 வயது நிறையும் பள்ளி வருஷத்தோடு முடிகிறது. படிப்பு முடிந்தபின் என்ன வேலை, எங்கே வாசம், தானாக பஸ் ஏறுவானா என்பதற்கான ஏற்பாட்டை அங்கே 14 வயதிலேயே திட்டத்தில் எழுத ஆரம்பிக்க வேண்டும். "காலை ஊன்றிக்கொண்டு" இரண்டு வருஷம் கழித்து அழைத்தால், கிடைக்கக்கூடிய ஆறு வருஷத்தில் இரண்டு போய்விடும். பதினெட்டு வயதானால் கையெழுத்துப் போடும் உரிமையும் பையனுக்கே போய்விடுகிறது. அவனால் இயலாதென்றால் பெற்றோர் கோர்ட்டுக்குப் போய்க் காப்பாளராக வேண்டும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது. இதைப் பலர் கடைசி நிமிஷம் வரை பார்ப்பதில்லை. தகப்பனாரைச் சார்ந்து பிள்ளைக்குக் கிடைக்கிற எச்-4, எல்-2 விசாக்கள் 21 வயதுக்கு மேல் செல்லா. மற்றப் பிள்ளைகள் கல்லூரி விசாவுக்கு மாறிக்கொள்வார்கள். நம் பையனால் அது முடியுமா? முடியாதென்றால், ஆறு வருஷத்துக்குப் பிறகு குடும்பம் என்ன செய்யும் என்பதை விமானம் ஏறுமுன் பேசியாக வேண்டும். சிநேகிதியின் கணவர் இதைக் கேட்டு அரை மணி நேரம் வாய் திறக்கவில்லையாம்.

தேசத்துக்குத் தேசம் சங்கதி வேறு. ஆஸ்திரேலியாவில் விசாவுக்கு முன்பே, இந்தப் பிள்ளையால் அரசாங்கத்துக்கு எவ்வளவு செலவு என்று கணக்குப் பார்க்கிறார்கள். வரம்பை மீறினால் குடும்பம் முழுவதற்குமே மறுப்பு வரலாம். 2024 ஜூலையில் அந்த வரம்பை 86,000 ஆஸ்திரேலிய டாலராக உயர்த்தினார்கள். கனடாவில் 2018 முதல் விசேஷக் கல்விச் செலவை இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

சிநேகிதிக்கு நான் சொன்ன யோசனைகளில் முதலாவது, வாடகை வீட்டைப் பார்க்குமுன் பள்ளிக்கூடத்தைப் பார் என்பது. வீட்டு விலாசத்தை வைத்துத்தான் பள்ளிக்கூடம். கணவர் முன்னால் போகிறவர், எடிசன் பக்கம் இரண்டு மூன்று ஊர்ப் பள்ளிகளில் விசாரித்துவிட்டு அப்புறம் வாடகைப் பத்திரத்தில் கையெழுத்திடட்டும். தடுப்பூசிச் சீட்டு பத்திரம். மெனிஞ்சைடிஸ் ஊசி இங்கே எல்லாருக்கும் போடுவதில்லை, அங்கே கேட்கிறார்கள். "சேர்ந்த பிறகு ஆட்டிசத்தைச் சொல்லிக்கொள்ளலாமே" என்ற சாமர்த்தியம் வேண்டாம், நாள்தான் வீணாகும். வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலம் மட்டும் பேசு என்று யாராவது உபதேசித்தாலும் கேட்க வேண்டாம். இரண்டு மொழி கேட்பதால் இக்குழந்தைகளின் பேச்சு கெடுவதாக ஆராய்ச்சிகள் காட்டவில்லை. பாட்டியோடு போனில் பேச அவனுக்குத் தமிழ் வேண்டாமா?

பையனுக்கு சத்தம் ஆகாது. நியூ ஜெர்ஸிப் பள்ளிகளில் மாதம் ஒரு தீ ஒத்திகை, ஒரு பாதுகாப்பு ஒத்திகை நடக்கும்; மணி காதைப் பிளக்கும். முன்கூட்டி அவனுக்குச் சொல்ல வேண்டும் என்று திட்டத்திலேயே எழுதச் சொல்லலாம். அவனைத் தயார் செய்கிற வேலையைச் சிநேகிதி தொடங்கியும் விட்டாள். கடற்கரை–தாம்பரம் ரெயில் நேரம் முழுவதும் மனப்பாடமாக வைத்திருக்கிற பிள்ளை அவன். இப்போது மெட்ரோபார்க், மெட்டுச்சன், எடிசன், நியூ பிரன்ஸ்விக் என்று அந்த ஊர் ஸ்டேஷன்களை வரிசை தப்பாமல் சொல்கிறான்.

பள்ளிக்கூடத்தைவிட எனக்குக் கவலை அவளைப் பற்றித்தான். அங்கே பாட்டி இல்லை, பாத்திரம் தேய்க்க ஆள் இல்லை, கார் ஓட்டத் தெரியாவிட்டால் கடைக்குப் போக முடியாது. பனிக்காலத்தில் பள்ளி மூடினால் நாள் முழுவதும் அவளும் பையனும்தான். போகுமுன் கார் ஓட்டக் கற்றுக்கொள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். தி. நகர் நெரிசலில் இரண்டு நாள் ஓட்டிவிட்டு, "ஊறுகாய் போடுவது தேவலை" என்றாள். ஆனாலும் போகிறாள்.

பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தைத் தமிழில் எழுதி முடித்துவிட்டாள். பையன் எதைக் கண்டு பயப்படுவான், பசித்தால் எப்படித் தெரியும், கோபம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பக்கம். கணவர் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக்கொண்டிருக்கிறார். "என் மகனுக்குப் பேசத் தெரியும், பேச்சைத் தொடங்கத்தான் தெரியாது" என்ற வரியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாளாம்.