பசுவின் ஏப்பத்தில் போகும் காசு



பின்வளவில் ஒரு பசுவைக் கட்டி வளர்ப்பவரா நீங்கள்? அப்படியானால் புண்ணாக்கின் விலையும் வைக்கோலின் விலையும் உங்களுக்கு மனப்பாடமாக இருக்கும். பிள்ளைகளுக்குப் போக மிஞ்சிய பாலை விற்றுத்தானே பல வீடுகளில் கொப்பி, பென்சில் செலவு சமாளிக்கப்படுகிறது. ஆனால் அந்தப் பசு தின்னும் தீனியில் ஒரு பங்கு பாலாகவும் ஆகாமல், சதையாகவும் ஆகாமல் காற்றோடு போய்விடுகிறது என்பதை அறிவீர்களா?

பசுவின் இரைப்பைக்கு நான்கு அறைகள். பெரிதான முதல் அறையில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நம்மால் சமிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் அவைதான் உடைத்துக் கொடுக்கின்றன. அப்போது ஐதரசன் வாயு உண்டாகிறது. வேறொரு வகை நுண்ணுயிர் அதைக் காபனீரொட்சைட்டுடன் சேர்த்து மெதேன் வாயுவாக்கிவிடுகிறது. பசு அதை ஏப்பமாக வெளியே விடுகிறது. தீனியிலுள்ள சக்தியில் நூற்றுக்கு 2 முதல் 12 பங்கு வரை இப்படிப் போகிறது.

நட்டம் உங்களுக்கு மட்டுமல்ல. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், மெதேன் அதே எடையுள்ள காபனீரொட்சைட்டை விட ஏறத்தாழ 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். ஆனால் அது பன்னிரண்டு ஆண்டளவிலேயே காற்றில் சிதைந்துவிடும். ஆகவே இன்று குறைத்தால் பலனை நம் பிள்ளைகளே காண்பார்கள்.

குறைக்க வழி உண்டா? கனடாவின் பிரின்ஸ் எட்வேர்ட் தீவில் ஒரு விவசாயி, கரையொதுங்கிய கடற்பாசியைத் தின்ற தன் மாடுகள் மற்றவற்றை விட நன்றாக இருப்பதைக் கவனித்தார். றொபேட் கின்லி என்ற ஆய்வாளர் அதைச் சோதித்தபோது மெதேன் குறைவது தெரிந்தது. பின்னர் அவுஸ்திரேலியாவில் அஸ்பராகொப்சிஸ் என்ற செந்நிறப் பாசியே மிக வல்லது எனக் கண்டார்கள். 2021இல் வெளியான கலிபோர்னியா ஆய்வொன்றில், ஐந்து மாதம் இப்பாசியைச் சிறிதளவு கலந்து கொடுத்ததில் சில தீனிகளில் மெதேன் 80 வீதத்துக்கும் மேல் குறைந்தது. ஆனால் அவுஸ்திரேலியாவில் நடந்த நீண்டகாலப் பரிசோதனையொன்றில் குறைவு 28 வீதம்தான். மாடுகள் உண்பதும் குறைந்தது. பாசியிலுள்ள புரோமோபோம் என்ற பொருள் அளவு மீறினால் கெடுதி என்பதால் கவனமும் தேவை.

ஆகவே கடற்கரையில் கண்ட பாசியையெல்லாம் அள்ளி வந்து பசுவுக்குப் போட்டுவிடாதீர்கள்! உங்கள் வேலியைப் பாருங்கள். சீமைக்கிளுவை, அதாவது கிளிரிசீடியா, அங்கே நிற்கும். 2006இல் தேயிலை, இறப்பர், தென்னைக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக இலங்கையில் ஏற்கப்பட்ட மரம் இது. இபில் இபிலும் இருக்கலாம். சாயத் தேநீரில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதல்லவா? அதே வகைத் துவர்ப்புப் பொருள் இந்த இலைகளிலும் உண்டு. அது மெதேன் உண்டாவதை ஓரளவு தடுக்கிறது. பாசியைப் போல் பெரிய குறைவை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் இலையில் புரதம் அதிகம். வெறும் வைக்கோல் தின்னும் பசுவுக்கு இதைச் சேர்த்தால் பால் கூடும். ஒரு போத்தல் பாலுக்குப் போகும் மெதேனும் குறையும்.

சில எச்சரிக்கைகள்:

கிளிரிசீடியாவின் மணம் சில மாடுகளுக்கு முதலில் பிடிக்காது. வெட்டிய இலையைச் சற்று வாடவிட்டு, சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

இபில் இபிலில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. அதிகமானால் மாட்டுக்கு உரோமம் உதிரும். தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

தேங்காய்ப் புண்ணாக்கிலுள்ள எண்ணெயும் மெதேனைக் குறைக்கும். அதற்காக எண்ணெயையே ஊற்றினால் வைக்கோலைச் சமிக்கச் செய்யும் நல்ல நுண்ணுயிர்களும் கெட்டுவிடும்.

உள்ளியும் மெதேனைக் குறைக்கும் என்று பரிசோதிக்கிறார்கள். கைக்கு வந்தபடி கொடுத்தால் அந்த மணம் பாலில் ஏறும். பிறகு அந்தப் பாலை யார் வாங்குவார்கள்?

சினைப்பசுவோ நோயுள்ள பசுவோ என்றால் மிருக வைத்தியரைக் கேட்ட பின்பே தீனியை மாற்றுங்கள்.

நாளைக் காலை வேலியில் இரண்டு கிளையை வெட்டிப் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய தீனி ஏப்பமாகப் போவதில் கொஞ்சமாவது உங்கள் பால் செம்புக்கு வந்து சேரட்டும்.