நெஞ்சில் ஒரு வெட்டு, சீட்டில் ஒரு வரி

தை பிறந்தால் காவிரி டெல்டாவில் சம்பா அறுவடை. பெரும்பாலான வயல்களில் இன்று இயந்திரம்தான் அறுக்கிறது. சாய்ந்த பயிருக்கும், சேற்றில் இயந்திரம் இறங்க முடியாத மூலைக்கும் கருக்கரிவாள் வேண்டும். திருக்கானூர்பட்டி போன்ற ஊர்களில் ஜல்லிக்கட்டும் தை தொடங்கித்தான் நடக்கிறது. அரிவாள் நழுவும், மாடு குத்தும், இயந்திரத் தகடு கிழிக்கும், வரப்புத் தகராறு கைகலப்பில் முடியும். நெஞ்சில் வெட்டு விழ இங்கே வழிகள் பல.

“சும்மா கீறல்தான்” என்பார்கள். பல நேரம் அது உண்மைதான். தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் மட்டும் அறுபட்டிருந்தால், கழுவி, மரத்துப்போக ஊசி போட்டு, தைத்து அனுப்பிவிடலாம். 7 முதல் 10 நாளில் தையல் பிரிக்கலாம். ஆனால் அதைப் பரிசோதித்த பிறகே சொல்ல முடியும். கொம்புக் குத்தில் வாய் சிறியது, ஆழம் பெரியது. விலா எலும்புகளுக்கு நடுவே புகுந்து நுரையீரலைத் தொட்டிருந்தால் நெஞ்சுக் கூட்டுக்குள் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கும். மூச்சு வாங்குகிறதா, காயத்தில் குமிழி வருகிறதா, சுற்றியுள்ள தோலை அழுத்தினால் நறநறக்கிறதா என்று பார்க்க வேண்டும். காயத்துக்குள் கம்பியோ விரலோ விட்டு ஆழம் பார்க்கவே கூடாது. மார்புக் காம்புக்குக் கீழே பட்ட குத்து வயிற்றுக்குள்ளும் போயிருக்கலாம். மூச்சை வெளியே விடும்போது உதரவிதானம் அவ்வளவு மேலே ஏறி வந்துவிடும்.

குத்துக் காயமென்றால், முதல் எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் சில மணி நேரம் வைத்திருந்து மறுபடி எடுப்பது முறை. நம் பொறுமை கெடுவது அந்த மணி நேரத்தில்தான். கூட வந்தவர் பேருந்தைப் பிடிக்க அவசரப்படுகிறார், வார்டில் கட்டில் இல்லை, எல்லோருமாகச் சேர்ந்து காயப்பட்டவரை அனுப்பிவிடுகிறோம். வீட்டிலும் ஒரு பழக்கம் உண்டு. இரத்தம் நிற்கக் காபித்தூளையும் சுண்ணாம்பையும் அப்புகிறோம். வயல் மண்ணிலும் சாணத்திலும் ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் இருக்கும். சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவி, துணி வைத்து அழுத்தி, தடுப்பூசிக்குப் போவதே சரி.

இத்தனையும் செய்த பின்பும் ஒரு வேலை மிச்சமிருக்கிறது: எழுதுவது. நோய்களுக்கான பன்னாட்டு வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பில் நெஞ்சுச் சிராய்ப்பும் கன்றலும் எஸ் 20-இல் வரும். தோல் பிளந்த வெட்டு, ஆழமில்லாததானாலும், எஸ் 21. முன்பக்கச் சுவரென்றால் எஸ் 21.1. மருத்துவர் அவசரத்தில் “மேலோட்டமான காயம்” என்று மட்டும் எழுதினால், கணினியில் பதிபவர் அதை எஸ் 20-க்குள் போட்டுவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

அதைவிடப் பெரிய இழப்பு, காரணத்தைச் சொல்லும் இரண்டாவது குறியீட்டை விட்டுவிடுவது. கைக்கருவியென்றால் டபிள்யூ 27, பண்ணை இயந்திரமென்றால் டபிள்யூ 30, மாடு முட்டியதென்றால் டபிள்யூ 55, ஒருவர் கூரிய ஆயுதத்தால் தாக்கியதென்றால் எக்ஸ் 99. இது எழுதப்படாவிட்டால் அரிவாளும் கொம்பும் இயந்திரமும் ஒரே கணக்கில் கரைந்துபோகும். எந்த இயந்திரத்துக்கு மூடி வேண்டும், எந்த வாடிவாசலுக்கு அருகே எக்ஸ்ரே வசதி வேண்டும் என்று எதைக் காட்டிக் கேட்பது? விபத்து உதவி கேட்டு விண்ணப்பிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த வரிதான் சாட்சி.

உண்மையை மறைப்பவர்கள் பெரும்பாலும் நாம்தான். “ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) போட்டால் போலீஸ் கேஸாகிவிடும்” என்ற பயத்தில் வெட்டை “விழுந்துவிட்டேன்” என்று சொல்கிறோம். காயம்பட்டவருக்கு முதலில் சிகிச்சை, சட்ட நடைமுறை பிறகுதான் என்று 1989-இலேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. தாக்கப்பட்டவருக்கு நீதி கிடைப்பதும் அந்த விபத்துப் பதிவேட்டில் நீளம், அகலம், ஆழம் அளந்து எழுதப்படுவதைப் பொறுத்தது. நாம் சொல்லும் பொய் முதலில் காயப்பட்டவரையே கைவிடுகிறது.

எழுதி வைப்பது தஞ்சைக்குப் புதிதல்ல. இரண்டாம் சரபோஜி காலத்தில் சிகிச்சை பெற்ற கண் நோயாளிகளின் குறிப்புகள், கண்ணின் ஓவியங்களோடு, சரசுவதி மகால் நூலகத்தில் இருக்கின்றன. அரசர் இருந்தார், ஆட்கள் இருந்தார்கள் என்று சிலர் சொல்லலாம். இன்று நெரிசலான புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் தலையில் மட்டும் இதைச் சுமத்துவது அநியாயம். பதிவுக்கென்று ஆள் தர வேண்டியது அரசின் கடமை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டியவர்கள் காயப்பட்டவரும், கூட வந்தவரும், இயந்திரம் ஓட்டியவரும்.

ஜனவரி 26 கிராம சபை அறுவடையின் நடுவில் கூடுகிறது. அதற்கு முந்தைய வாரங்களில் வந்த காயங்களை, யார் பெயரும் சொல்லாமல், காரணத்தோடு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் அங்கே படித்துக் காட்டலாம். இயந்திர உரிமையாளர்களும் மாடு வளர்ப்போரும் அறுவடைத் தொழிலாளர்களும் ஒன்றாக உட்கார்ந்து கேட்க வேண்டும். காரணம் எழுதாமல் போன சீட்டுகள் எத்தனை என்பதையும் அந்தக் கூட்டம் கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும்.