அழுதவர்கள் கல் எறியவில்லை

2016 செப்டம்பர் 23 அன்று கோவையில் நடந்ததை இன்றும் 'இறுதி ஊர்வலம்' என்றுதான் எழுதுகிறார்கள். அந்தச் சொல்லை நான் ஏற்கவில்லை. இறுதி ஊர்வலம் என்றால் இறந்தவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அன்று மேட்டுப்பாளையம் சாலையில் போனது ஊரைத் தண்டிக்கப் புறப்பட்ட கூட்டம்.

நான் துடியலூரில் பிறந்து வளர்ந்தவள். இருபது வருடங்களாகக் குன்னூரில் வேலை பார்க்கிறேன். என் இரண்டு ஊர்களையும் இணைப்பது அந்த ஒரு சாலைதான். பர்லியாறு, கல்லாறு என்று மலை இறங்கி, மேட்டுப்பாளையம், காரமடை, பெரியநாயக்கன்பாளையம் தாண்டினால் துடியலூர். அங்கே கல் விழுந்தால் மலையில் இருக்கும் எங்களுக்கும் வழி அடைபடும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். செப்டம்பர் 22 இரவு, இந்து முன்னணியின் செய்தித் தொடர்பாளர் சசிகுமார் வெட்டிக் கொல்லப்பட்டார். கொலை கொலைதான். அதற்குப் பின்னால் 'ஆனால்' போட எனக்கு மனமில்லை. கொன்றவர்களைப் பிடித்துத் தண்டிப்பது அரசின் வேலை. அந்த வழக்கு பிறகு தேசியப் புலனாய்வு முகமைக்கு மாற்றப்பட்டது. மறுநாள், கோவை அரசு மருத்துவமனையிலிருந்து துடியலூர் வரை, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல், உடலை ஊர்வலமாகக் கொண்டுபோனார்கள். கடைகள் மீது கல் விழுந்தது. பள்ளிவாசல் மீதும் விழுந்தது. துடியலூரில் செல்போன் கடையை உடைத்து அள்ளிக்கொண்டு போனார்கள். போலீஸ் ஜீப் எரிந்தது.

அம்மா போன் செய்து, "நீ இன்னிக்கு எறங்கி வந்துராத கண்ணு. ரோட்ல ஒரு பொம்பள கூட இல்ல" என்றாள். செய்தித்தாள்களில் வந்த எந்தக் கணக்கையும்விட இந்த வாக்கியம்தான் எனக்கு முக்கியம். ரோட்டில் ஒரு பெண் கூட இல்லை.

ஏன் இல்லை? நம் சாவுச் சடங்குகளை நினைத்துப் பாருங்கள். உயிர் போனதும் முதலில் அலறுவது யார்? உடலைச் சுற்றி உட்கார்ந்து, கட்டிப்பிடித்து, ஒப்பாரி வைத்து, விடிய விடிய விழித்திருப்பது யார்? பாடை எழுந்ததும் தெருமுனையோடு "பொம்பளைங்க நின்னுக்குங்க" என்று நிறுத்தப்படுவது யார்? பெரும்பாலான சாதிகளில் சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. தமிழ் முஸ்லிம் வீடுகளிலும் ஜனாஸாவைத் தூக்கிப் போவது ஆண்கள்தான். இந்த ஒரு விஷயத்தில் இரண்டு மதத்து ஆண்களும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். துக்கம் பெண்களுக்கு, ஊர்வலம் ஆண்களுக்கு.

தெருமுனையோடு பெண்களை நிறுத்தியதும் என்ன நடக்கிறது? அதுவரை மகனாக, கணவனாக, அண்ணனாக இருந்த உடல் அங்கிருந்து கட்சியின் உடலாக, மதத்தின் உடலாக மாறிவிடுகிறது. அந்த உடலோடு ஒரு நாளும் ஒரு வேளை சோறு சாப்பிடாதவர்கள் அதற்குச் சொந்தம் கொண்டாடுகிறார்கள். வீட்டுக்குள் அழுதவர்கள் யாரும் கல் எறியவில்லை. கல் எறிந்தவர்கள் யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை.

இது 2016இல் மட்டும் நடந்ததில்லை. 1997 நவம்பர் 29 அன்று கோவையில் காவலர் செல்வராஜ் கொல்லப்பட்டார். அடுத்த சில நாட்களில் கலவரத்திலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டிலுமாக 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். காயம்பட்டு வந்தவர்களை அதே அரசு மருத்துவமனையின் வாசலிலேயே தாக்கினார்கள். 1998 பிப்ரவரி 14 அன்று தொடர் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்தார்கள். ஒவ்வொரு தடவையும் முந்தைய பிணத்தைக் காட்டித்தான் அடுத்த பிணத்துக்கு நியாயம் சொன்னார்கள்.

இந்தக் கணக்கு எங்கள் மலையில் பல பாட்டிகளுக்குத் தெரியும். 1964இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்காகத்தான் 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. பிறகு அது டான்டீ ஆனது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் லயங்களில் இருக்கும் அந்தப் பெண்களுக்கு 1983 ஜூலையைப் பற்றிப் புத்தகம் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவ வீரர்கள் செத்தார்கள். ஜூலை 24 அன்று கொழும்பு பொரளை கனத்தை மயானத்தில் அவர்களுக்கு இறுதிச் சடங்கு நடப்பதாக இருந்தது. அங்கே கூடிய கூட்டம் அப்படியே வெளியேறித் தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் எரிக்கத் தொடங்கியது. தீ மலையகம் வரை போனது. கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்ணுக்கும் அந்த 13 பேர் சாவுக்கும் என்ன சம்பந்தம்? துடியலூர் செல்போன் கடையில் கல்லாவில் நின்றவருக்கும் சசிகுமார் கொலைக்கும் இருந்த அதே சம்பந்தம்தான். அதாவது, ஒன்றுமில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு தாயையும் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்டில் அமெரிக்காவின் சார்லட்ஸ்வில் நகரில் வெள்ளை இனவெறியர்கள் பேரணி நடத்தினார்கள். எதிர்த்து நின்றவர்கள் மீது அவர்களில் ஒருவன் காரை ஏற்றினான். ஹெதர் ஹேயர் என்ற 32 வயதுப் பெண் இறந்தார். அவருடைய அம்மா சூசன் புரோ, வெறுப்பாளர்கள் சேதப்படுத்திவிடுவார்களோ என்று மகளின் அஸ்தியை யாருக்கும் தெரியாத இடத்தில் புதைக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம், பிணத்தைப் பத்துக் கிலோமீட்டர் தூக்கிக் காட்டும் ஆண்கள். இன்னொரு பக்கம், மகள் இருக்கும் இடத்தைக்கூட வெளியே சொல்ல முடியாத அம்மா. துக்கம் யாரிடம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி நம் பக்கம் வருவோம். அன்று முடங்கியவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணவில்லை. அப்போது நீலகிரியில் மருத்துவக் கல்லூரி கிடையாது. ஊட்டியிலோ குன்னூரிலோ முடியாத நோய் என்றால், "கோயமுத்தூர் கொண்டு போங்க" என்பார்கள். கொண்டுபோவது யார்? மாமியாரின் எக்ஸ்ரேயைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு விடிகாலை பஸ் ஏறும் எஸ்டேட் பெண்தான். அவள் போய்ச்சேர வேண்டிய மருத்துவமனையிலிருந்துதான் அந்த ஊர்வலம் கிளம்பியது. அவளுடைய ஒரு நாள் சம்பளம் எந்த நஷ்டஈட்டுப் பட்டியலிலும் வரவில்லை.

கலவரம் ஒரு நாளில் முடிந்தது. பெண்களுக்குப் போட்ட தடை முடியவில்லை. என் சித்தி மகள் காலேஜுக்குப் போவதை ஒரு வாரம் நிறுத்தினார்கள். திரும்பப் போனபோது, கூடப் படித்த முஸ்லிம் பெண்ணோடு ஒரே பஸ்ஸில் வரக் கூடாது என்றார்கள். அந்தப் பெண்ணின் வீட்டிலும் அதையேதான் சொல்லியிருக்கிறார்கள். "உங்க பாதுகாப்புக்குத்தான்." தெருவைப் பயங்கரமாக்கியது ஆண்கள், வீட்டுக்குள் அடைபட்டது நாங்கள். இதற்குப் பெயர் பாதுகாப்பு என்றால் தண்டனைக்கு என்ன பெயர்?

அந்த நாள் பலருக்கு ஒரு ஜோக்காகத்தான் ஞாபகம் இருக்கிறது. அண்டாவோடு பிரியாணியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள் என்று மீம் போட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கோபம் உண்டு. சிரித்துச் சிரித்து அதைப் பசிக்காரன் திருட்டாகச் சுருக்கிவிட்டோம். வியாபாரியின் மனைவி அன்று இரவு நகையை எங்கே ஒளித்து வைப்பது, பிள்ளைகளை யார் வீட்டில் விடுவது என்று யோசித்தது அந்த ஜோக்கில் இல்லை.

நான் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று. அள்ளிக்கொண்டு போன செல்போன்கள் எந்த வீடுகளுக்குப் போயின? புதுப் போனோடு மகன் வந்தபோது, "இது ஏதுடா?" என்று எத்தனை அம்மாக்கள் கேட்டார்கள்? எத்தனை மனைவிகள் ஒன்றும் சொல்லாமல் அதைச் சார்ஜில் போட்டார்கள்? "வெளியூர்க்காரங்க செஞ்சது" என்று துடியலூரில் இன்றும் சொல்கிறார்கள். சரி, வெளியூர்க்காரர்களுக்கு அம்மா இல்லையா?

"அப்போ எங்க ஆளு செத்தா நாங்க அழக் கூடாதா?" என்று கேட்பார்கள். அழுங்கள். அழ யாரும் தடை போடவில்லை. அழுவதற்குக் கல் எதற்கு? "அவங்க குண்டு வெச்சப்போ எங்கே போனீங்க?" என்றும் கேட்பார்கள். 1998இல் குண்டு வைத்தவர்களும் பெண்களைக் கேட்டு வைக்கவில்லை. குண்டு வெடித்த தெருக்களில் மார்க்கெட்டுக்குப் போன பெண்களும் இருந்தார்கள். கொன்றவனை நீதிமன்றத்தில் நிறுத்து என்றுதான் அன்றும் சொன்னோம், இன்றும் சொல்கிறோம். பக்கத்துக் கடைக்காரரை நிறுத்தாதே என்கிறோம், அவ்வளவுதான்.

அரசிடம் கேட்க வேண்டியதும் உண்டு. பதற்றமான நேரத்தில் ஓர் உடலை நகரத்தின் நடுவே இத்தனை தூரம் ஊர்வலமாகக் கொண்டுபோகவிட்டது ஏன்? போராட்டங்களில் சொத்துகள் சேதமானால் அதற்கு ஏற்பாட்டாளர்களையும் பொறுப்பாக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2009இலேயே வழிகாட்டியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1992 முதல் தனிச் சட்டமே இருக்கிறது. ஊர்வலம் கேட்டு வருகிறவர்களிடம், கல் விழுந்தால் யார் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்கட்டும். அந்தக் கணக்கில் உடைந்த கண்ணாடியோடு, பஸ் ஓடாததால் போன ஒரு நாள் கூலியும் சேரட்டும்.

நம்மால் முடிந்தது ஒன்று உண்டு; அதற்கு எந்த அலுவலகத்திலும் அனுமதி வேண்டாம். நம் வீட்டில் ஒருவர் இறந்தால், அவர் எப்படி இறந்திருந்தாலும், அந்த உடலை யாரிடமும் கொடுக்காதீர்கள். கொடி போர்த்த வருகிறவரிடம், "நீங்க யாருங்க, அவருக்கு என்ன வேணும்?" என்று கேளுங்கள். தெருமுனையோடு நிற்காதீர்கள், சுடுகாடு வரை நடங்கள். கபர்ஸ்தான் வரை நடங்கள். அழுகிறவர்கள் முன்னால் நடந்தால் கல் வைத்திருப்பவன் எங்கே நிற்பான் என்று பார்ப்போம்.